நூறு கேலனுக்குக் கீழே

லூயிஸ்டன்
1979 நவம்பர் 14, புதன்

ஜெர்மேன் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இன்றைய பேப்பர் என் மேசையில் கிடக்கிறது. போர்ட்லண்ட், லூயிஸ்டன், பேங்கர் மூன்று ஊரிலும் குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற உலைக்கு ஊற்றுகிற எண்ணெய் இந்த வாரம் என்ன விலை என்று உன் மாநில அரசு எரிபொருள் ஆபீசில் உட்கார்ந்து நீ போடுகிறாயே, அந்தப் பட்டியல். லூயிஸ்டனில் பதினோரு வியாபாரிகள். குறைந்த விலைக்காரன் மேலே, கூடின விலைக்காரன் கீழே. எல்லாருக்கும் கீழே, தரையோடு தரையாக, நம் அப்பா பெயர். லெவெக் எண்ணெய், கேலன் தொண்ணூற்றொரு சென்ட். மூன்றாவது வாரமாக இதே கதி.

உனக்குக் கை கூசவில்லையா?

காலையில் பங்குச்சாமியார் மிஷோ கடைக்கு வந்தார். உன் பட்டியலைக் கத்தரித்து மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். "தப்பா எடுத்துக்காத ஓவிலா. கோயில் காசு என் காசு இல்ல, சனங்க காசு. ஸ்ட்ரவுட் எண்பத்தேழுக்குத் தர்றான்னு பேப்பர்லயே போட்டிருக்கு. அப்புறமும் உன்கிட்ட வாங்கினா என்னை நாலு பேரு கேக்க மாட்டாங்களா?" என்றார். கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரி லோரெட் போட்டுக் கொடுத்த காப்பியையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் போனார். ஸ்ட்ரவுட்டோடு வசந்தம் வரைக்கும் ஒப்பந்தம் போட்டாயிற்றாம். அப்பா காலத்திலிருந்து கோயில் உலைக்கு எண்ணெய் ஊற்றியது நாம். என்னிடம் வாங்குகிறவர்களில் அதுதான் பெரிய தொட்டி.

கோயிலே போனபிறகு மற்றவர்கள் நிற்பார்களா? பெரிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டிருக்கிறார்கள். இப்படியே போனால் ஏப்ரலில் லாரியை விற்க வேண்டியதுதான். லாரி போனால் கடை எதற்கு?

பட்டியலிலிருந்து என் பெயரை எடு. இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. உன்னைக் கட்டிக்கொடுக்கிற வரைக்கும் உனக்குச் சோறு போட்ட கடை இது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஓவிலா


போர்ட்லண்ட்
நவம்பர் 17

ஓவிலா,

எடுக்க மாட்டேன்.

திங்கட்கிழமை நான் ஆபீசிலிருந்து போன் பண்ணும்போது, "லெவெக். தொண்ணூத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். சரிதான். ஆபீஸ் போனில் வியாபாரியோடு விலை தவிர வேறு பேசக் கூடாது என்பது சட்டம், தம்பியாக இருந்தாலும். வீட்டுப் போனில் பேசலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் கத்துவோம், யாராவது ஒருத்தர் டொக்கென்று வைத்துவிடுவோம். எழுத்தில் கத்தினால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று ஊரிலும் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறேன். "இன்னிக்கு ரொக்கத்துக்கு, நூறு கேலன் அல்லது அதுக்கு மேல, கேலன் என்ன விலை?" ஒரு எழுத்துக் கூட மாற்றுவதில்லை. பேங்கரில் ஒருத்தன் கெட்ட வார்த்தை சொல்லித்தான் விலை சொல்வான். அவனிடமும் இதே கேள்வி. போன வருஷம் இந்தப் பட்டியல் கிடையாது. எவன் என்ன விலை சொன்னாலும் சனங்கள் கொடுத்தார்கள். இன்றைக்கு வயசானவர்கள் இதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்துக்கொண்டு, வியாபாரியோடு நிமிர்ந்து பேரம் பேசுகிறார்கள். தம்பி பெயர் கடைசியில் வருகிறது என்று நான் அதை எடுத்தால், நாளைக்கு ஸ்ட்ரவுட்டும் எடுக்கச் சொல்வான், மற்றவனும் சொல்வான். அதற்கப்புறம் அது என்ன பட்டியல்? சுவரில் மாட்டுகிற காலண்டர்.

உனக்கும் ஸ்ட்ரவுட்டுக்கும் அதே துறைமுகத்திலிருந்து அதே எண்ணெய்தானே வருகிறது? அவனால் எண்பத்தேழுக்குத் தர முடிகிறது, உனக்கு மட்டும் எதற்கு நான்கு சென்ட் கூட? போன வருஷம் புது லாரி வாங்கினாயே, அந்தப் பவுசு எல்லாம் யார் தலையில் விடிகிறது? கோபப்படாதே, யோசி. விலையைக் குறை. அடுத்த புதனே உன் பெயர் மேலே ஏறும். இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.

ஜெர்மேன்


லூயிஸ்டன்
நவம்பர் 20

அக்கா,

புது லாரியா? பழைய லாரியின் தொட்டி துருப்பிடித்து வழியில் ஒழுகியது. தீயணைப்புக்காரன் வந்து இனி அதை ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பவுசுக்கு வாங்கினேன் என்கிறாய். இருக்கட்டும்.

அப்பா ஒரே விலை வைத்திருந்தார். நானும் அதே மாதிரி வைத்திருக்கிறேன். என்னால் குறைக்க முடியாது. ஏன் என்று உனக்கு விளக்கிச் சொல்லப்போவதில்லை. பதினோரு பேரில் ஒருத்தன்தானே நான் உனக்கு? மற்ற பத்துப் பேரிடம் ஏன் என்று கேட்டாயா?

வரும் திங்களிலிருந்து லோரெட் போன் எடுப்பாள். எனக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை இருக்கிறது, இருக்கிறவரைக்கும்.

ஓவிலா


போர்ட்லண்ட்
டிசம்பர் 2, ஞாயிறு

ஓவிலா,

நீ ஒரு மடையன். நான் அதைவிடப் பெரிய மடைச்சி. வரிசையாகச் சொல்கிறேன், கேள்.

புதன்கிழமை பட்டியல் வெளிவந்த ஒரு மணி நேரத்தில் ஆபீசுக்கு ஒரு போன். உங்கள் ஊர் நாக்ஸ் தெருவிலிருந்து அல்பெர்ட்டின் நாடோ என்று ஒரு அம்மாள்.

"ஏம்மா, பேப்பர்ல எண்ணெய் விலை போடுறது நீதானா?"

"ஆமாம்மா."

"நீ எங்க விலை கேட்டுப் போடுற? லூயிஸ்டன்லயா, இல்ல மோட்சத்துலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டித் தீர்த்தாள். "போன வாரம் ஸ்ட்ரவுட் எண்பத்தேழுன்னு போட்டிருந்த. போன் பண்ணேன். எத்தனை கேலன்னான். இருபத்தஞ்சுன்னேன். சிரிக்கிறான்மா! நூறுக்குக் கீழ வண்டி வராதாம். வரணும்னா பதினஞ்சு டாலர் தனியா எடுத்து வெக்கணுமாம். அடுத்தவனைக் கேட்டேன், அவனும் அதே பாட்டு. நூறு கேலன் வாங்க என்கிட்ட காசு இருந்தா நான் எதுக்கு உன் பட்டியலைப் பாக்கப்போறேன்? உலை அணைஞ்சுபோய், சமையலடுப்பு ஓவன் கதவைத் திறந்து வெச்சு அதும் முன்னால உக்காந்திருந்தேன். பக்கத்துத் தெருக்காரி பெட்ரோல் பங்க்ல டீசலை டப்பாவுல வாங்கி, பனிச்சறுக்குப் பலகையில வெச்சு இழுத்துட்டு வர்றா. கடைசில யாரு வந்தாங்கன்னு கேளேன்! வாராவாரம் கடைசில போட்டு மானத்தை வாங்குறியே, அந்த லெவெக்குதான் வந்தாரு. இருபத்தஞ்சு கேலனுக்கும் அதே தொண்ணூத்தொண்ணு. வண்டிக் கூலின்னு ஒரு சென்ட் வாங்கல. நீயெல்லாம் என்னத்தைப் படிச்சுட்டு அங்க உக்காந்திருக்க?"

நான் அந்த லெவெக்கின் அக்கா என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்று பஸ் ஏறி லூயிஸ்டன் வந்தேன். நாக்ஸ் தெரு மரவீடுகளில் மூன்றில் நுழைந்தேன். மூன்று மாடி, மாடிக்கு ஒரு குடும்பம், கீழே நிலவறையில் குடும்பத்துக்கு ஒன்றாக மூன்று தொட்டி. ஒரு வீட்டுத் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன், அடிவரைக்கும் காலியாக ஒலித்தது. அந்தச் சனங்கள் வாரக் கூலி வாங்கினால் இருபத்தைந்து கேலன், வேலை இல்லாத வாரம் ஒன்றும் இல்லை. என் கேள்வி நூறு கேலனில் ஆரம்பிக்கிறது. ஆகவே அவர்கள் என் பட்டியலிலேயே இல்லை. மற்ற வியாபாரிகள் நூறுக்குக் கீழே உள்ளவர்களை விரட்டிவிட்டு மலிவாக விற்கிறார்கள். நீ எல்லாரையும் சேர்த்துக்கொண்டு ஒரே விலை வைப்பதால் உனக்கு நான்கு சென்ட் கூட ஆகிறது. இதை ஒரு வரி எழுத உனக்கு அவ்வளவு ரோஷமா? ஒரு வரிதானே, ஓவிலா!

மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. அதனால் யார் வீட்டு உலையும் எரியாது. கேள்வியை மாற்றப்போகிறேன். நாளையிலிருந்து இரண்டாவது கேள்வி ஒன்று: "புதுசா வர்ற ஆளுக்கு இருபத்தஞ்சு கேலன் வீட்டுல கொண்டுவந்து ஊத்த, எல்லாம் சேர்த்து கேலனுக்கு எவ்வளவு?" பேப்பரில் பக்கத்திலேயே இரண்டாவது பத்தியாகப் போடுவேன். பதில் சொல்லாதவன் பெயருக்கு எதிரே 'சொல்லவில்லை' என்று போடுவேன். வெள்ளிக்கிழமையே மேலதிகாரி ஹேஸ்கலிடம் கேட்டுவிட்டேன், முகத்தைச் சுளித்தார். படிவத்தில் இல்லாத கேள்வி என்றார். படிவத்தில் இல்லாத சனங்கள் குளிரில் இருக்கிறார்கள் என்றேன். ஒரு மாதம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

உன் கடையைத் தாண்டித்தான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கூப்பிட வாய் வரவில்லை, உள்ளே நுழையக் கால் வரவில்லை.

ஜெர்மேன்


லூயிஸ்டன்
டிசம்பர் 12

அக்கா,

லோரெட் உன்னை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "உங்க அக்கா மாதிரியே ஒருத்தி அந்தப் பச்சைத் தொப்பியோட போறா, ஆனா நம்ம வீட்டைத் திரும்பிப் பாக்கல, அதனால அவங்களா இருக்காது" என்றாள். என் மனசு என்ன பாடுபட்டது தெரியுமா? கடைவாசல் வரைக்கும் வந்துவிட்டு ஒரு காப்பி குடிக்காமல் போயிருக்கிறாய்.

பட்டியல் பார்த்தேன். இரண்டாவது பத்தியில் லெவெக் முதலில். ஸ்ட்ரவுட் ஒன்றரை டாலருக்குக் கொஞ்சம் கீழே. ஏழு பேர் 'சொல்லவில்லை'. லோரெட் அதைக் கத்தரித்துக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டினாள். சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

அதற்கப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது அக்கா, இன்னும் நிற்கவில்லை. எல்லாம் இருபத்தைந்து கேலன்! ஊரில் யார் யாரை எவன் எவன் விரட்டினானோ அத்தனை பேரும் என்னிடம். பெரிய தொட்டிக்காரர்கள் முதல் பத்தியைப் பார்த்து ஸ்ட்ரவுட்டிடம் போகிறார்கள், சின்னத் தொட்டிக்காரர்கள் இரண்டாவது பத்தியைப் பார்த்து என்னிடம் வருகிறார்கள். நிறைய வாங்குகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால்தான், கொஞ்சமாக வாங்குகிற நாலு பேரைத் தாங்க முடியும். இப்போது எல்லாம் தலைகீழ். இருநூறு கேலன் ஊற்றினாலும் ஒரு நிறுத்தம்தான், இருபத்தைந்து ஊற்றினாலும் ஒரு நிறுத்தம்தான். ஹோஸை இழுக்கிற தோள் ஒன்றேதான். நேற்று நாக்ஸ் தெருவில் அதே வீட்டுக்குக் காலையில் மேல்மாடிக்கு, மத்தியானம் நடுமாடிக்கு, இருட்டினபிறகு கீழ்மாடிக்கு என்று மூன்று தடவை போனேன். வண்டியில் எரிந்த டீசலுக்கே காசு தேறவில்லை.

காப்பாற்றுகிறேன் என்று வந்து கழுத்தை நெரித்துவிட்டாய். ஏப்ரல் என்றேன், இப்போது ஜனவரியே தாண்டாது போலிருக்கிறது. லோரெட் சொல்கிறாள், நாமும் ஐம்பதுக்குக் கீழே கிடையாது என்று சொல்லிவிடலாம் என்று. என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. போனை எடுத்தால் அந்தப் பக்கம் குழந்தை இருமுகிற சத்தம் கேட்கிறது. நீ என்றால் சொல்வாயா?

உன் தம்பி ஓவிலா


போர்ட்லண்ட்
டிசம்பர் 15

ஓவிலா,

சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே.

ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகிறாயா? உனக்குப் புத்தி இருக்கிறதா, இல்லை அதையும் லாரியோடு துருப்பிடிக்க விட்டுவிட்டாயா? மூன்று தொட்டியும் ஒரே நிலவறையில் தோளோடு தோள் நிற்கிறதே, என் கண்ணால் பார்த்தேன். மூன்று குடும்பமும் ஒரே நாள் வாங்கினால் அது எழுபத்தைந்து கேலன். பக்கத்து இரண்டு வீடும் சேர்ந்தால் லாரியை நிறுத்தின இடத்திலிருந்து நகர்த்தாமல் இருநூறுக்கு மேல். தெருவுக்கு ஒரு கிழமை வை. நாக்ஸ் தெரு செவ்வாய் என்றால் செவ்வாய். கேட்கிறபோதெல்லாம் ஓடாதே. குப்பை வண்டிக்கு ஒரு கிழமை இருக்கிறது, எண்ணெய் வண்டிக்கு இருக்கக் கூடாதா?

இங்கேயும் ஒரு கூத்து நடந்தது. நேற்று ஹேஸ்கல் கூப்பிட்டார். ஸ்ட்ரவுட் போய் ஓதியிருக்கிறான்.

"ஜெர்மேன், கல்யாணத்துக்கு முன்னால உங்க குடும்பப் பேரு என்ன?"

"லெவெக்."

"ரெண்டாவது பத்தியில மொதல்ல வர்றதும் அதே பேருதானே?"

"மொதல் பத்தியில கடைசில வந்ததும் அதே பேருதான் சார். அப்ப யாரும் வந்து கேக்கலையே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கேள்வி நியாயம்தான், ஓவிலா. பத்தி நல்ல பத்தி; அதைத் தம்பிக்காகப் போட்டாள் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் போதும், மூன்று ஊரிலும் அதை நம்ப மாட்டார்கள். பத்தி நிற்க வேண்டுமா, நான் நிற்க வேண்டுமா என்று கேட்டார். பத்தி என்றேன். லூயிஸ்டனை என்னிடமிருந்து எடுத்து வினிஃப்ரெட் என்கிற பெண்ணிடம் கொடுக்கிறார்கள். போர்ட்லண்டும் பேங்கரும் எனக்கு. வாரத்தில் ஒரு நாள் சம்பளம் குறையும். இரண்டாவது கேள்வி இனிமேல் படிவத்தில் அச்சாகி வரும், ஒரு மாதத்துக்கு அல்ல, நிரந்தரமாக. நான் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

வினிஃப்ரெட்டிடம் உண்மை விலையைச் சொல். ஏற்றினால் ஏற்றினேன் என்று சொல்.

ஜெர்மேன்


லூயிஸ்டன்
1980 ஜனவரி 9

அக்கா,

இத்தனை நாள் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை, மன்னித்துவிடு. நிறையச் சொல்ல இருக்கிறது.

தெருவுக்கு ஒரு கிழமை என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். நாக்ஸ் தெருவில் அந்த வீட்டின் கீழ்மாடிக்காரியும் மேல்மாடிக்காரியும் துணிக்கொடித் தகராறில் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. அவள் செவ்வாய் என்றால் இவள் புதன்தான் வேண்டும் என்கிறாள். தலையைப் பிய்த்துக்கொண்டேன். நடுமாடி யார் என்று நினைக்கிறாய்? உன்னைப் போனில் வறுத்தெடுத்த அல்பெர்ட்டின் நாடோ. படிக்கட்டில் நின்றுகொண்டு மேலேயும் கீழேயும் பார்த்து ஒரு கத்து கத்தினாள்: "எண்ணெய் ஊத்துறப்ப நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்க வேண்டாம்டி! தொட்டிங்க பக்கத்துல பக்கத்துல நின்னா போதும்!" அன்றோடு செவ்வாய் முடிவாயிற்று. அடுத்தடுத்த வீடுகளையும் அவளே சேர்த்துவிட்டாள். இப்போது நாக்ஸ் தெருவில் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு வீட்டுக்கு ஹோஸ் இழுக்கிறேன். பியர்ஸ் தெருவுக்குப் புதன். ப்ளேக் தெருவுக்கு வெள்ளி.

ஆனால் இதோடு போட்ட பணம் ஈடாகும், அவ்வளவுதான். பெரிய தொட்டிகள் இல்லாமல் லாரி ஓடாது என்று லோரெட்டிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அது யார் காதுக்குப் போக வேண்டுமோ அங்கே போயிருக்கிறது. மூன்று ராஜாக்கள் திருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் நிற்கிறபோது அல்பெர்ட்டின் சாமியாரை மடக்கினாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"கோயில் காசு சனங்க காசுன்னீங்களாமே?"

"ஆமா, அதிலென்ன சந்தேகம்?"

"காணிக்கைத் தட்டுல நாங்க போட்ட காசை, எங்க வீட்டுக்கு வரமாட்டேன்னு சிரிச்சவன்கிட்ட குடுத்திருக்கீங்களே. அதுதான் சந்தேகம்."

அந்தக் குளிரிலும் சாமியாருக்கு வியர்த்தது. "ஒப்பந்தம் போட்டாச்சும்மா. வசந்தம் வரைக்கும் என் கை கட்டியிருக்கு" என்றார்.

"கோயிலுக்குத்தானே போட்டீங்க? உங்க வீட்டுத் தொட்டிக்கும் சேர்த்தா போட்டீங்க?"

வாசலில் இருந்தவர்கள் சிரித்ததில் மணி அடித்தது கேட்கவில்லை. நான் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்காக ஒருத்தி வாசலில் நின்று வாதாடுவது இத்தனை வருஷத்தில் முதல் தடவை அக்கா. கண் கலங்கிவிட்டது, பனிக்காற்று என்று லோரெட்டிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் சாமியாரே போன் பண்ணினார். "ஓவிலா, என் வீட்டுத் தொட்டி கால்வாசிதான் இருக்கு, இன்னிக்கே வந்து ரொப்பிடுப்பா."

"உங்க தெருவுக்கு வியாழக்கிழமை சாமி."

"நான் பங்குச்சாமியார்ப்பா!"

"தெரியும் சாமி. தெரு மாறலையே."

காலண்டர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வியாழக்கிழமை" என்றார். நாளைக்குப் போகிறேன். மேலங்கியோடு உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறார் என்று சமையற்காரி சொன்னாளாம்.

அல்பெர்ட்டினுக்கு நாலு மருமகன்கள். நாலு பேரும் சொந்த வீட்டுக்காரர்கள், நாலு பேரும் ஸ்ட்ரவுட்டிடம் வாங்கியவர்கள். மாமியார் வாய்க்குப் பயந்து நாலு பேரும் வந்துவிட்டார்கள். அவர்களின் அண்ணன் தம்பி, மச்சான், பட்டறை முதலாளி என்று ஒருத்தரைத் தொட்டு ஒருத்தர். இந்த ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை? நாலு சென்ட் கூடத்தான் சார், தெரியும் என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறார்கள். இன்று காலை லோரெட் கூட்டிப் பார்த்தாள். லாரியை விற்க வேண்டாம். ஏப்ரலிலும் வேண்டாம்.

துறைமுகத்தில் விலை ஏறியதால் நானும் தொண்ணூற்று நாலு ஆக்கினேன். திங்கட்கிழமை போனை நானே எடுத்தேன்; வினிஃப்ரெட் கேட்டாள், அப்படியே சொன்னேன். இந்த வாரமும் முதல் பத்தியில் நான்தான் கடைசி. நல்ல பெண், குரல் மென்மையாக இருக்கிறது. ஆனால் அவள் "நன்றி, வணக்கம்" என்று வைத்ததும் எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது. நீ கேட்கிறபோது எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவை உன் குரல்.

ஓவிலா


போர்ட்லண்ட்
ஜனவரி 11

ஓவிலா,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்புறம் கழிப்பறையில் போய் அழுதேன். ஹேஸ்கல் என்னவோ ஏதோ என்று பதறிவிட்டார்.

எனக்கும் திங்கட்கிழமை ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது. பேங்கர்க்காரன் கெட்ட வார்த்தை சொன்னால்கூட மனசில் பதியவில்லை. வினிஃப்ரெட் உன் எண்ணைச் சுழற்றுகிறபோது பக்கத்து மேசையில் நான் வேலை பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். "லெவெக், தொண்ணூத்து நாலு, ரெண்டுக்கும்" என்று அவள் எழுதிக்கொண்டே சொன்னாள். ரெண்டுக்கும் ஒரே விலை சொல்கிற ஒரே ஆள் இவர்தான், தெரிந்தவரா என்று என்னிடம் கேட்டாள். என் தம்பி என்றேன். பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

லூயிஸ்டன் இனிமேல் என் ஊர் இல்லை, பட்டியலில். உன்னோடு பேச எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். லோரெட்டிடம் பட்டாணி சூப் வைக்கச் சொல். இந்தத் தடவை கதவைத் தட்டுவேன்.

ஒரே ஒரு பயம். விலையை விட்டால் நமக்குள் பேச என்ன இருக்கிறது என்று இன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பரவாயில்லை, வந்து சண்டை போடுவோம்.

உன் அக்கா
ஜெர்மேன்